மாடி உயர்ந்தால் தூணும் உயரவேண்டும்: ரெவிட்டில் மட்டங்களுக்கிடையே தானாக நீளும் உறுப்புகள்

வடக்கில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கட்டடங்களுக்குப் படம் வரைந்துகொடுக்கும் இளைஞர் யுவதிகளைக் கடந்த சில வருடங்களாகச் சந்தித்து வருகிறேன். டுபாயில் எழும் ஒரு தொடர்மாடியின் படிக்கட்டு முல்லைத்தீவில் ஒரு குசினி மேசையில் வரையப்படுகிறது. இங்கிலாந்துப் பாடசாலை ஒன்றின் யன்னல் அட்டவணை கிளிநொச்சியில் தயாராகிறது. இவர்களில் பலர் இடம்பெயர்ந்த பாடசாலைகளில் சாதாரண தரம் எழுதியவர்கள். சிலருக்கு அதுவும் முழுமையாகக் கிடைக்கவில்லை. கையிலிருப்பது ஒரு பழைய மடிக்கணினி, ஒரு இணைய இணைப்பு, ஆறு மாதப் பயிற்சி. பார்த்துப் பழகிய காணொளிகள் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் இருந்தவை.

நான் ஊடகக் கற்கைகள் படித்தவள், கட்டடக்கலைஞர் அல்ல. ஆனால் இவர்களிடம் வேலையைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் ஒரே முறைப்பாடு திரும்பத் திரும்ப வந்தது. “அக்கா, கடைசி நேரத்தில லெவலை மாத்திப்போடுவாங்கள். மிச்சமெல்லாம் ஏறும், நாங்கள் செய்த சாமான் மட்டும் அங்கேயே நிக்கும்.” ஒருவருக்கு 300க்கும் மேற்பட்ட வெயில் மறைப்புத் தட்டிகள் இப்படி நின்றுவிட்டன. முதலாம் மாடியின் மட்டம் 150 மில்லிமீற்றர் உயர்ந்திருந்தது. ஒவ்வொன்றாகத் திருத்த இரண்டு இரவுகள் போயின. அந்த இரண்டு இரவுக்கும் வேலை கொடுத்த நிறுவனம் ஒரு சதமும் கொடுக்கவில்லை. திருத்தம் என்பது ஒப்பந்தத்திற்குள் அடக்கம் என்று சொல்லிவிட்டார்கள்.

எனவே இந்தக் கட்டுரை அந்தச் சாமானைப் பற்றியது. ரெவிட் மென்பொருளில் நாமே உருவாக்கும் ஒரு கட்டட உறுப்பு, இரண்டு மாடி மட்டங்களுக்கிடையே தன் உயரத்தைத் தானே சரிசெய்துகொள்ளுமாறு செய்வது எப்படி? தெரிந்தவர்களுடன் உட்கார்ந்து, செய்து பார்த்து, எழுதுகிறேன். மெனுப் பெயர்கள் திரையில் ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதால் அவற்றை ஒலிபெயர்த்தே தருகிறேன்.

உயரம் யாருடையது?

ஓட்டோகாட்டில் ஒரு தூண் என்பது நான்கு கோடுகள். மாடியின் உயரம் மாறினால் கோடுகளை நீட்டவேண்டும். வெட்டுமுகப் படத்தில் ஒருமுறை, முகப்புப் படத்தில் ஒருமுறை, அட்டவணையில் இன்னொருமுறை. ரெவிட்டின் அடிப்படைச் சிந்தனையே இந்த வேலையை ஒழிப்பதுதான். அதை உருவாக்கிய லியோனிட் ரைஸ், எர்வின் ஜங்ரைஸ் இருவரும் முன்னர் இயந்திர உதிரிப்பாகங்களை வடிவமைக்கும் ‘புரோ எஞ்சினியர்’ மென்பொருளை ஆக்கிய நிறுவனத்தில் வேலை செய்தவர்கள். அந்த மென்பொருளில் ஒரு துளையின் விட்டத்தை மாற்றினால் அதனோடு தொடர்புபட்ட எல்லாம் மாறும். அதே முறையைக் கட்டடங்களுக்குக் கொண்டுவரும் எண்ணத்துடன் 1997இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸில் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள். 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ரெவிட்டின் முதற் பதிப்பு வந்தது. 2002இல் ஓட்டோடெஸ்க் அதை 133 மில்லியன் டொலருக்கு வாங்கியது.

பின்னர் அரசாங்கங்கள் இந்த முறையைக் கட்டாயமாக்கத் தொடங்கின. பெரிய கட்டடங்களுக்கு டுபாய் மாநகரசபை 2014 முதல் கேட்டது. சிங்கப்பூர் 2015இல் 5,000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குக் கேட்டது. மத்திய அரசின் பணத்தில் கட்டப்படும் கட்டடங்களுக்கு பிரித்தானியா 2016 ஏப்ரலிலிருந்து கட்டாயமாக்கியது. நம் பிள்ளைகளின் மேசைக்கு இந்த வேலை வந்து சேர்ந்ததற்கு இது ஒரு முக்கிய காரணம்.

ரெவிட்டில் ‘லெவல்’ என்பது வெறும் கோடு அல்ல. அது கட்டடம் முழுவதையும் கிடையாக வெட்டிச்செல்லும் ஒரு தளம். சுவர், தரை, கூரை எல்லாம் ஏதோவொரு மட்டத்தைப் பற்றிக்கொண்டே நிற்கின்றன. சுவருக்குக் கீழ்மட்டமும் மேல்மட்டமும் கொடுத்துவிட்டால் மேல்மட்டம் உயரும்போது சுவரும் உயரும். இதற்காக நாம் எதையும் செய்யத் தேவையில்லை.

நாமே செய்யும் உறுப்பு, அதாவது ‘ஃபமிலி’, அப்படி அல்ல. பெரும்பாலானவர்கள் ‘மெட்ரிக் ஜெனரிக் மொடல்’ என்ற பொது டெம்பிளேட்டை எடுத்து வேலையைத் தொடங்குகிறார்கள். அதில் ஒரேயொரு மட்டம்தான் உண்டு. உறுப்பின் அடி அந்த மட்டத்தில் நிற்கும், தலையோ ஆகாயத்தில் நிற்கும். அதன் உயரம் 2,700 என்று நாம் எழுதிய எண் மட்டுமே. மேல்மாடி எங்கே இருக்கிறது என்று அந்த உறுப்புக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு அது எப்படி வளைந்துகொடுக்கும்? அந்த 300 தட்டிகளும் நின்றது இதனால்தான். அவற்றைச் செய்தவர் கெட்டிக்காரர். அவர் எடுத்த டெம்பிளேட்தான் பிழை. அதை முதல் நாளே யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

டெம்பிளேட்டைப் பின்னர் மாற்ற முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். உறுப்பின் வகையை, அதாவது அது தளபாடமா, பொது உறுப்பா என்பதை, பல சந்தர்ப்பங்களில் பிறகு மாற்றலாம். ஆனால் அது எதைப் பற்றிக்கொண்டு நிற்கும் என்ற குணம் டெம்பிளேட்டோடு பிறப்பது. ஒரு மட்டத்தில் பிறந்ததை இரு மட்டத்துக்கு மாற்றவேண்டுமானால் புதிய கோப்பில் மீண்டும் வரையத்தான் வேண்டும்.

விறாந்தைத் தூண் ஒன்று செய்வோம்

உதாரணத்துக்கு யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் விறாந்தைத் தூணை எடுக்கிறேன். அடியில் ஒரு பீடம், தலையில் ஒரு போதிகை, நடுவில் தண்டு. உயரம் மாறும்போது தண்டு மட்டுமே நீளவேண்டும். பீடமும் போதிகையும் தம் அளவிலேயே இருக்கவேண்டும். மூன்றும் சேர்ந்து இழுபட்டால் தூண் அவலட்சணமாகிவிடும்.

இதற்கு இரண்டு டெம்பிளேட்டுகள் பொருந்தும். ஒன்று ‘மெட்ரிக் கொலம்’. மற்றையது ‘மெட்ரிக் ஜெனரிக் மொடல் டூ லெவல் பேஸ்ட்’. பெயரே சொல்வதுபோல் இரண்டாவது இரு மட்டங்களைப் பற்றி நிற்பது. உண்மையான தூணாக இருந்தால் முதலாவதே நல்லது. ஏனென்றால் தூண் வகைக்கு ‘அட்டாச்’ என்ற வசதி உண்டு. சரிந்த கூரையின் அடிவரை தூணை ஏற்றி ஒட்டிவிடலாம். நம் ஊர் விறாந்தைகளில் ஓட்டுக்கூரை சரிந்தே இறங்குகிறது, அதனால் இது பெரிய உதவி. தட்டி, குழாய், அலங்காரச் சட்டம், மாடிக்கு மாடி நிற்கும் அலுமாரி போன்றவற்றுக்கு இரண்டாவது டெம்பிளேட்.

புதிய கோப்பைத் திறந்ததும் முன்முகப்புப் பார்வைக்குப் போங்கள். அங்கே இரண்டு மட்டக்கோடுகள் தெரியும்: ‘லோவர் ரெஃப் லெவல்’, ‘அப்பர் ரெஃப் லெவல்’. நம் தூணின் விதி முழுவதும் இந்த இரண்டு கோடுகளில்தான் இருக்கிறது. கீழ்க்கோட்டிலிருந்து 250 மி.மீ. மேலே ஒரு துணைத்தளம் வரையுங்கள். ‘ரெஃபரன்ஸ் பிளேன்’ என்பது அதன் பெயர். அந்த 250ஐ அளவுக்கோடு போட்டுப் பூட்டுங்கள். மேல்க்கோட்டிலிருந்து 200 மி.மீ. கீழே இன்னொரு துணைத்தளம், அதையும் பூட்டுங்கள். இப்போது மேல்க்கோடு எங்கே போனாலும் இரண்டாவது தளம் 200 மி.மீ. இடைவெளியோடு அதன் பின்னால் போகும்.

அடுத்தது தண்டு. தரைப்படப் பார்வையில் வட்டமோ சதுரமோ வரைந்து ‘எக்ஸ்ட்ரூஷன்’ செய்யுங்கள். திரும்பவும் முன்முகப்புக்கு வந்து ‘அலைன்’ கருவியால் தண்டின் அடிமுகத்தை முதல் துணைத்தளத்தோடும் தலைமுகத்தை இரண்டாவதோடும் பொருத்துங்கள். பொருத்தியவுடன் சிறிய பூட்டுச் சின்னம் ஒன்று தோன்றும். அதை அழுத்திப் பூட்டவேண்டும். இந்த ஒரு அழுத்தத்தை மறப்பதுதான் அதிகமாக நடக்கும் தவறு. பூட்டாத முகம் அந்த நேரத்தில் சரியான இடத்தில்தான் இருக்கும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மட்டம் அசையும் நாளில்தான் தெரியவரும்.

பீடமும் போதிகையும் கடைசல் வேலைப்பாடு உள்ளவையானால் ‘ரிவோல்வ்’ கருவியைப் பயன்படுத்தலாம். அப்போது வளைகோடுகளின் மேல் கீழ் முனைகளை உரிய தளங்களோடு வரைவு நிலையிலேயே பொருத்திப் பூட்டவேண்டும். இன்னும் இலகுவான வழி, பீடத்தையும் போதிகையையும் தனித்தனிச் சிறு ஃபமிலிகளாகச் செய்து இந்தக் கோப்புக்குள் கொண்டுவந்து வைப்பது. வேறு வீட்டுக்கு வேறு போதிகை வேண்டுமென்றால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

முடிந்ததும் சோதனை. மேல்க்கோட்டைப் பிடித்து மேலே இழுங்கள், கீழே இறக்குங்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதை ‘ஃபிளெக்ஸ்’ பண்ணுவது என்பார்கள். தண்டு மட்டும் நீண்டு சுருங்கினால் தூண் தயார். இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்த உறுப்பையும் திட்டக் கோப்புக்குள் ஏற்றக்கூடாது. திட்டத்துக்குள் 300 இடத்தில் வைத்த பிறகு பிழை தெரிவதைவிட இங்கே ஒன்றில் தெரிவது மேல்.

திட்டக் கோப்புக்குள் ஏற்றி ஒரு தூணை வைத்ததும் அதன் பண்புப் பட்டியலில் நான்கு வரிகள் தெரியும்: கீழ்மட்டம், கீழ் விலகல், மேல்மட்டம், மேல் விலகல். ‘பேஸ் லெவல்’, ‘பேஸ் ஒஃப்செட்’, ‘டொப் லெவல்’, ‘டொப் ஒஃப்செட்’ என்று திரையில் இருக்கும். உயரம் என்ற எண்ணை நீங்கள் எங்கும் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். உயரம் இப்போது இந்த நான்கிலிருந்து பிறக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் தரைமட்டம் 0. முதலாம் மாடியின் மட்டம் 3,000 மி.மீ. மாடியின் மாபிளும் அதன் கீழ்ச் சாந்தும் 50. பிளாட்டையும் சேர்த்து பீமின் ஆழம் 400. ஆகவே தூண் முட்டவேண்டியது 3,000இல் அல்ல, அதிலிருந்து 450 கீழே. மேல் விலகல் மறை 450. விறாந்தை, மண்டபத் தரையிலிருந்து 150 தாழ்வு என்றால் கீழ் விலகல் மறை 150. தூணின் உயரம் 2,700. அதில் பீடமும் போதிகையும் 450, தண்டு 2,250. இப்போது வெளிநாட்டிலிருந்து கடிதம் வருகிறது, முதலாம் மாடி 3,150 என்று. மட்டத்தில் அந்த எண்ணை மாற்றுகிறீர்கள். எல்லாத் தூண்களும் 2,850 ஆகின்றன. தண்டுகள் 2,400 ஆகின்றன. இரண்டு இரவு வேலை ஒரு நிமிடத்தில் முடிகிறது.

தானாக நடப்பதால் வரும் ஆபத்து

ஆனால் தானாக மாறும் பொருள் சத்தமில்லாமலும் மாறும். நான் பேசியவர்களில் அனுபவம் கூடியவர்கள் எல்லோரும் இதைத்தான் அதிகம் சொன்னார்கள்.

2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது பலருக்கு நினைவிருக்கும். மீள்குடியேறி, வீட்டுத்திட்டத்தில் 550 சதுர அடி வீடு ஒன்றைக் கட்டி முடித்து மூச்சுவிட்ட சனம். அதன்பிறகு எனக்குத் தெரிந்த சிலர் புதிதாகக் கட்டும்போது அத்திவாரத்தை ஒன்றரை அடி உயர்த்திக் கேட்டார்கள். ஒன்றரை அடி என்பது ஏறக்குறைய 450 மி.மீ. படவரைஞர் என்ன செய்வார்? தரைமட்டத்தை 0இலிருந்து 450க்கு உயர்த்துவார். ரெவிட்டில் ஒரு மட்டத்தை உயர்த்தினால் அதற்கு மேலுள்ள மட்டங்கள் கூடவே உயர்வதில்லை. முதலாம் மாடி 3,000இலேயே இருக்கும். நம் கெட்டிக்காரத் தூண்கள் உடனே கீழ்ப்படிந்து 450 மி.மீ. குட்டையாகிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. வடிவம் உடையவில்லை, விதி மீறப்படவில்லை, மென்பொருளின் பார்வையில் எல்லாம் சரி. கட்டப்போகும் மனிதருக்குத்தான் தலை இடிக்கும்.

இதற்கு நல்ல வழக்கம் ஒன்று உண்டு. வீட்டின் உள்தரையை எப்போதும் 0 என்று வைத்துக்கொண்டு, வெளியே உள்ள நிலத்துக்குத் தனி மட்டம் கொடுப்பது. அத்திவாரத்தை உயர்த்துவது என்றால் வெளிநிலத்தை மறை 450இலிருந்து மறை 900க்கு இறக்குவது என்று பொருள். அப்போது அத்திவாரச் சுவரும் வாசற்படியும் மட்டும் நீளும். தூண்கள் அசையமாட்டா. பழைய மேசன்மார் நூல் பிடித்து ‘தரை இதுதான்’ என்று சுவரில் ஒரு கீறல் போட்டுவிட்டு மேலும் கீழும் அளப்பதும் இதே முறைதான்.

மாபிள் போட்ட மட்டமா, கொங்கிறீட் மட்டமா என்ற குழப்பம் இன்னொன்று. கட்டடக்கலைஞர் முடித்த தரையைச் சொல்வார், பொறியியலாளர் கொங்கிறீட்டின் மேற்பரப்பைச் சொல்வார். இருவரும் ‘முதலாம் மாடி’ என்றே சொல்வார்கள். இரண்டுக்கும் 50 மி.மீ. வித்தியாசம். இரண்டு மட்டங்களையும் தனித்தனிப் பெயரில் போட்டு, எந்த உறுப்பு எதைப் பற்றவேண்டும் என்று தொடக்கத்திலேயே முடிவெடுத்துவிடுவது நல்லது. தூணும் பீமும் கொங்கிறீட் மட்டத்தை, கதவும் அலுமாரியும் முடித்த தரையை.

சிறு பொறிகளும் உண்டு. சுவரின் மேல்மட்டம் ‘அன்கனெக்டட்’ என்று இருந்தால் அது எந்த மட்டத்தையும் பற்றவில்லை. மாடி எங்கே போனாலும் அது பழைய எண்ணிலேயே நிற்கும். கட்டமைப்புத் தூணை வைக்கும்போது மேலே உள்ள பட்டையில் ‘டெப்த்’, ‘ஹைட்’ என்று இரண்டு தெரிவுகள் இருக்கும். டெப்த் என்றால் தூண் வைத்த மட்டத்திலிருந்து கீழ்நோக்கி இறங்கும். புதியவர்கள் தூண் காணாமல் போய்விட்டதென்று பத்துத் தடவை வைத்து, பத்துத் தூண்களும் ஒன்றன்மேல் ஒன்றாக நிலத்துக்குக் கீழே கிடந்த கதைகள் உண்டு. ஒரு மாடியிலிருந்து நகலெடுத்து இன்னொரு மாடியில் ஒட்டினால் விலகல் எண்களை உடனே பார்க்கவேண்டும். அழகான 0 இருந்த இடத்தில் 137 போன்ற ஒரு அனாதை எண் உட்கார்ந்திருக்கலாம். மட்டம் ஒன்றை நீக்குவதோ மிகப் பெரிய ஆபத்து. அந்த மட்டத்தில் நிற்பவை எல்லாம் அதனோடு சேர்ந்து நீங்கிவிடும். ரெவிட் எச்சரிக்கும்தான், ஆனால் விடிகாலை மூன்று மணிக்கு யார் எச்சரிக்கையை வாசிக்கிறார்கள்?

இரு மட்டம் போதாத இடங்கள்

எல்லாவற்றுக்கும் இரு மட்ட டெம்பிளேட் பொருந்தாது. அந்த 300 தட்டிகளையே எடுங்கள். உயரம் கூடினால் ஒவ்வொரு தட்டியிலும் கிடையாக நிற்கும் சட்டங்களின் எண்ணிக்கையும் கூடவேண்டும். அதற்கு ஒரு சூத்திரம் வேண்டும்: உயரத்தை இடைவெளியால் வகுத்து, வரும் பின்னத்தைக் கீழ்நோக்கி முழு எண்ணாக்கு. சூத்திரத்துக்கு ‘உயரம்’ என்று ஒரு பராமீற்றர் தேவை. இப்படியான உறுப்பைப் பொது டெம்பிளேட்டிலேயே செய்து, உயரத்தை ‘இன்ஸ்டன்ஸ்’ பராமீற்றராக, அதாவது ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனியே மாறக்கூடியதாக வைக்கலாம். சட்டங்களின் வரிசை ஒன்றுக்கோ பூச்சியத்துக்கோ இறங்கினால் ஃபமிலி பிழை காட்டி நின்றுவிடக்கூடும் என்பதால், இரண்டுக்குக் குறைந்தால் இரண்டு என்றே எடு என ஒரு நிபந்தனையையும் சூத்திரத்தில் சேர்த்துவிடுவது வழக்கம்.

இப்போது அந்த உயரத்தை மாடிமட்டத்தோடு எப்படிக் கட்டுவது? ஒரு வழி, வெட்டுமுகப் பார்வையில் உறுப்பின் தலைத்தளத்தை ‘அலைன்’ கருவியால் மேல்மட்டத்தோடு பொருத்திப் பூட்டுவது. இதற்கு அந்தத் தலைத்தளம் ஃபமிலிக்குள் ‘ஸ்ட்ரோங்’ அல்லது ‘வீக்’ ரெஃபரன்ஸ் எனக் குறிக்கப்பட்டிருக்கவேண்டும். பத்து உறுப்புக்கு இது நல்ல வழி. முந்நூறுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். பூட்டுகள் பெருகப் பெருகக் கோப்பு பாரமாகும். ஒன்றோடொன்று முரண்பட்டால் எந்தப் பூட்டு எதைத் தடுக்கிறது என்று தேடுவதே தனி வேலையாகிவிடும். பார்வைக்குக் கீழேயுள்ள பட்டையில் ‘ரிவீல் கொன்ஸ்ட்ரெயின்ட்ஸ்’ என்ற பொத்தான் பூட்டுகளையெல்லாம் காட்டும். அது இருப்பதே பலருக்குத் தெரியாது.

முந்நூறுக்கு ஏற்றது ‘குளோபல் பராமீற்றர்’. வெட்டுமுகத்தில் இரண்டு மட்டங்களுக்கிடையே ஒரு அளவுக்கோடு போடுங்கள். அந்த அளவுக்கோட்டுக்கு ‘முதல்மாடி உயரம்’ என்று ஒரு குளோபல் பராமீற்றரைப் பெயராகக் கொடுத்து, அதை ‘ரிப்போர்ட்டிங்’ என்று குறியுங்கள். அதாவது அந்த எண் மட்டத்தை ஆட்டாது, மட்டம் இருக்கும் நிலையை அறிவிக்கும். பிறகு எல்லாத் தட்டிகளையும் ஒன்றாகத் தெரிவுசெய்து, பண்புப் பட்டியலில் உயரத்துக்குப் பக்கத்திலுள்ள சிறு சதுரப் பொத்தானை அழுத்தி, அந்தப் பராமீற்றரோடு இணையுங்கள். மட்டம் மாறும், அளவுக்கோடு மாறும், தட்டிகள் மாறும், சட்டங்களின் எண்ணிக்கையும் மாறும். பீமின் ஆழத்தைக் கழிக்கவேண்டுமானால் முதலாவதிலிருந்து அதைக் கழிக்கும் இன்னொரு குளோபல் பராமீற்றரை எழுதலாம். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு பராமீற்றர் தேவை என்பதுதான் இதன் சுமை. 20 மாடி என்றால் 20 பெயர்கள். பெயரிடும் ஒழுங்கு இல்லாதவர்கள் இதைத் தொடாமலிருப்பது நல்லது.

சுவர்போலத் தொடர்ந்து வரும் தட்டியானால் இன்னும் இலகுவான குறுக்குவழி இருக்கிறது. ‘கேர்ட்டன் வோல்’ என்பது சுவர் இனத்தைச் சேர்ந்தது. அதற்குக் கீழ்மட்டமும் மேல்மட்டமும் பிறப்பிலேயே உண்டு. நம் தட்டியை ‘கேர்ட்டன் வோல் பனல்’ டெம்பிளேட்டில் செய்து அதற்குள் நிரப்பிவிட்டால், சுவர் நீளும்போது பனலும் நீளும். நாம் ஒரு பூட்டும் போடத் தேவையில்லை. நாலு பேரிடம் கேட்டதில் மூன்று பேர் இதையே முதலில் சொன்னார்கள்.

ரெவிட்டுடனேயே வரும் டைனமோவில் ஒரு சிறு நிரல் எழுதி, மட்டங்களின் உயரத்தை வாசித்து எல்லா உறுப்புகளுக்கும் எழுதிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். முடியும். ஆனால் அது தானாக நடப்பதில்லை. யாராவது ஞாபகமாக ஓட்டவேண்டும். நிரல் எழுதுபவர்களுக்கு ஒரு தகவல்: திரையில் மில்லிமீற்றர் தெரிந்தாலும் ரெவிட் தன் வயிற்றுக்குள் நீளத்தை எப்போதும் அடியிலேயே சேமிக்கிறது. 3,000 மி.மீ. என்பது உள்ளே ஏறக்குறைய 9.8425. மீற்றரில் வரைந்த படத்தை அடி அங்குலத்தில் வாசிக்கும் நம் ஆசாரிமாருக்கு இது கேட்க வேடிக்கையாக இருக்கும்.

மட்டம் வேறொருவர் கையில் இருக்கும்போது

தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பெரும்பாலும் கட்டடக்கலைஞரின் கோப்பு ‘லிங்க்’ ஆகத்தான் வரும். அதிலுள்ள மட்டங்களைப் பார்க்கலாம், ஆனால் நம் உறுப்பு அவற்றைப் பற்றிக்கொள்ள முடியாது. பலர் பக்கத்தில் அதே உயரத்தில் தாமே ஒரு மட்டக்கோடு வரைந்துவிட்டு வேலையைத் தொடங்குகிறார்கள். அங்கே மட்டம் மாறினால் இங்கே ஒன்றும் அசையாது. உறுப்பு எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டிருந்தாலும் பயனில்லை, அது பற்றியிருப்பது நாம் வரைந்த பழைய கோட்டை.

செய்யவேண்டியது ‘கொப்பி மொனிட்டர்’. லிங்கிலுள்ள மட்டங்களை அந்தக் கருவியால் நம் கோப்புக்குள் பிரதியெடுத்தால் இரண்டுக்கும் இடையே ஒரு கண்காணிப்புத் தொடர்பு இருக்கும். அவர்கள் மாற்றிய புதிய கோப்பை ஏற்றும்போது, மட்டம் மாறியிருக்கிறது என்ற எச்சரிக்கை வரும். ‘கோஓர்டினேஷன் ரிவியூ’ சாளரத்தில் அந்த மாற்றத்தை நம் மட்டத்துக்கும் செய்யுமாறு தெரிவுசெய்தால் நம் மட்டமும் நகரும், அதனோடு எல்லா உறுப்புகளும் நகரும். இதில் எனக்குப் பிடித்தது, மாற்றம் நம் கண்ணுக்குத் தெரிந்து நடக்கிறது என்பது. எந்தத் திகதியில் எவ்வளவு மாற்றினார்கள் என்று குறித்து வைத்துக்கொள்ளலாம். இரண்டு இரவுக் காசைக் கேட்கும்போது கையில் ஒரு தாள் இருக்கும்.

கோப்பின் பதிப்பையும் தொடங்குமுன் கேட்டுவிடுங்கள். புதிய பதிப்பில் சேமித்த ஃபமிலியைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. பின்னோக்கிச் சேமிக்கும் வசதியும் இல்லை. வேலை கொடுப்பவரின் பதிப்பு பழையது, உங்களுடையது புதியது என்றால் நீங்கள் செய்த அவ்வளவும் அவருக்கு வெறும் கோப்புப் பெயர்தான். மென்பொருளின் வருடச் சந்தா நம் ஊர் வருமானத்துக்கு மிகப் பெரிய தொகை. தகுதியுள்ள மாணவர்களுக்கு ஓட்டோடெஸ்க் இலவச அனுமதி தருகிறது, ஆனால் அதைக் கூலி வேலைக்குப் பயன்படுத்தக்கூடாது. பழகுவதற்கு மட்டும் என்றால் ஃபிரீகாட், பிளெண்டரில் இயங்கும் பொன்சாய் ஆகிய திறந்த மென்பொருள்களும் இருக்கின்றன.

இன்னொரு பயன்பாட்டையும் சொல்லவேண்டும். இதை வெளிநாட்டு வேலைக்கு மட்டும் என்று நினைக்கத் தேவையில்லை. செல்லடித்து அரைகுறையாக நிற்கும் பழைய நாற்சார் வீடுகளை அளந்து பதிவுசெய்ய விரும்புபவர்கள் இருக்கிறார்கள். அவ்வீடுகளில் ஒரு விறாந்தையின் இரண்டு மூலைகள் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. மழைநீர் ஓடுவதற்காகக் கட்டும்போதே கொடுத்த சரிவு, பின்னர் நிலம் அமிழ்ந்த சரிவு, இரண்டும் கலந்திருக்கும். மேலே சொன்ன தூண் ஃபமிலி ஒன்று கையிலிருந்தால், ஒவ்வொரு தூணின் அடியையும் தனியே அளந்து அதன் கீழ் விலகலில் எழுதினால் போதும். மறை 150, மறை 158, மறை 171 என்று. ஒரே ஃபமிலி, பன்னிரண்டு உயரங்கள். இல்லாமற்போன தூணின் இடத்திலும் ஒன்றை வைத்து, அது இப்போது இல்லை என்று ‘ஃபேஸ்’ பண்பில் குறித்துவைக்கலாம். அளக்கும்போது லேசர் கருவி இல்லாவிட்டாலும் தண்ணீர்க் குழாய் மட்டம் போதும். ஒளி ஊடுருவும் குழாய் 10 மீற்றர், இரண்டு பேர், ஒரு பென்சில். முதலில் ஒரு சுவரில் 0 கோட்டைக் கீறிக்கொண்டு, எல்லாத் தூணுக்கும் அந்தக் கோட்டைக் கடத்தி, அதிலிருந்து அடிக்கும் தலைக்கும் உள்ள தூரத்தை எழுதுங்கள். அந்த எண்களை அப்படியே பண்புப் பட்டியலில் இடலாம், கீழே இருந்தால் மறை, மேலே இருந்தால் நேர்.